‘தொம்’ ஓசைக்கு எந்த மைக்?

காதும் கருவியும் – 12

சென்ற வாரம் கண்டென்சர் மைக்கைப் பார்த்தோம். மெல்லிய சவ்வு, 48 வோல்ட் மின்சாரம், பாடகரின் மூச்சைக்கூட விட்டுவைக்காத கூர்மை. அதைக் கொண்டுபோய் பேஸ் டிரம்முக்கு நேர் எதிரே வைக்க யாருக்கும் மனசு வராது. அங்கே வேண்டியது அடி தாங்கும் மைக். அதாவது டைனமிக் மைக். டிரம்ஸுக்கும் கனத்த ஓசை தரும் மற்ற கருவிகளுக்கும் அதில் எதை வாங்குவது?

கடையில் கேட்டால் பெரும்பாலும் பெட்டியைத் திருப்பி ஓர் எண்ணைக் காட்டுவார்கள். ‘20 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும் சார்!’ எண் எவ்வளவு கீழே போகிறதோ மைக் அவ்வளவு நல்லது என்று கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. கனத்த ஓசைக்கு மைக் தேடும்போது கீழ்க்கோடியை விட நடுப்பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரும் மைக்கும்

டைனமிக் மைக்கின் உள்ளே இருப்பவை மூன்றே உறுப்புகள்: சவ்வு, அதன் முதுகில் ஒட்டிய கம்பிச்சுருள், சுற்றிலும் காந்தம். ஒலி சவ்வைத் தள்ளினால் சுருள் அசையும். காந்தப்புலத்துக்குள் சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல்தான் இது. ஸ்பீக்கரிலும் இதே மூன்று உறுப்புகள்தாம். வேலைதான் தலைகீழ்.

இந்தத் தலைகீழை லண்டனில் ஒரு பதிவுக்கூடம் பயன்படுத்திக்கொண்டது. 1966 ஏப்ரலில் பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டுக்காக, பால் மெக்கார்ட்னியின் பேஸ் ஆம்ப்புக்கு எதிரே மைக்குக்குப் பதில் ஒரு பெரிய ஸ்பீக்கரையே வைத்துப் பதிவு செய்தார்கள். அகலமான சவ்வு, தாழ்ந்த அதிர்வுக்கு நன்றாக அசையும் என்பது கணக்கு. அன்றைய ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கு வயது 20.

அதே மாதம் அவர் கூடத்தின் விதி ஒன்றையும் மீறினார். பேஸ் டிரம்மின் காற்றழுத்தம் மைக்கைக் கெடுத்துவிடும் என்று, மைக்கை இரண்டு அடிக்கு அப்பால்தான் வைக்க வேண்டும் என அங்கே கட்டுப்பாடு இருந்தது. எமரிக் அதைச் சில அங்குல தூரத்துக்குக் கொண்டுவந்தார். நான்கு பேரும் ஒன்றாகத் தலைவிடும்படி பின்னப்பட்ட பீட்டில்ஸின் கம்பளிச் சட்டை ஒன்றை டிரம்முக்குள் திணித்து அதிர்வை அடக்கினார். ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் அதுவரை இல்லாத அழுத்தத்தோடு ஒலித்தது. இன்று எல்லோரும் மைக்கை அப்படிக் கிட்டத்தில்தான் வைக்கிறார்கள்.

கிட்டத்தில் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பக்கத்து ஒலியை மட்டும் பிடிக்கும் மைக்கை ஒலிக்கு மிக அருகே கொண்டுபோனால் தாழ்ந்த ஓசை தானாகவே ஊதிப் பெருகும். வானொலி அறிவிப்பாளர்கள் மைக்கை ஒட்டிப் பேசிக் குரலைக் கனமாக்கிக்கொள்வது இதனால்தான். ஆகவே, எவ்வளவு பேஸ் கிடைக்கும் என்பதில் பாதி, மைக்கை எத்தனை விரல் தள்ளி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

எண் சொல்லாதது

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதோடு 82, 123 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. அடிப்படை அதிர்வு பலவீனமாகப் பதிந்தாலும், மடங்குகள் தெளிவாக இருந்தால் காது அந்த 41ஐத் தானே கற்பித்துக்கொள்ளும். செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் பேஸ் கிட்டாரின் ராகம் நமக்குப் புரிவது இப்படித்தான். மடங்குகள் மங்கினால்தான் ஸ்வரம் எது என்று தெரியாத வெறும் உறுமல் மிஞ்சும்.

இன்னொன்று, ‘20 முதல்’ என்ற எண் அந்த இடத்தில் மைக் எவ்வளவு பலவீனமாகக் கேட்கிறது என்பதைச் சொல்லாது. எந்த அதிர்வை மைக் எவ்வளவு பிடிக்கும் என்பதற்குப் பெட்டிக்குள் ஒரு தாளில் வளைகோடு அச்சாகியிருக்கும். அதைப் பாருங்கள். ஷூர் எஸ்எம் 57இன் தாளில் 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். கோடோ கீழே போகப் போகச் சரிந்துகொண்டே போகும். 1965இல் வந்த அந்த மைக் இன்றும் உலகெங்கும் ஸ்நேர் டிரம் மீது குனிந்து நிற்கிறது. சுமார் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதற்கு இருக்கும் மேடு, குச்சியின் ‘சட்’டென்ற அடியை எடுத்துக் கொடுக்கிறது.

அழுத்தம் தாங்குமா என்ற கவலையும் வேண்டாம். ஏகேஜி டி 112 மைக் 160 டெசிபலுக்கு மேல் தாங்கும். ஷூர் பீட்டா 52ஏ 174 டெசிபல் என்கிறது. நம் காது வலிக்கத் தொடங்குவதே 120, 130 டெசிபலில்தான்.

கிக் மைக் என்ன செய்கிறது?

இப்போது நடுப்பகுதிக்கு வருவோம். டி 112, பீட்டா 52ஏ போன்ற, பேஸ் டிரம்முக்கென்றே செய்த கிக் மைக்குகளின் வளைகோட்டில் 100 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு மேடு. 4,000 பக்கம் இன்னொரு மேடு. இடையில், 300 முதல் 600 வரை, ஒரு பள்ளம். முதல் மேடு வயிற்றில் இடிக்கும் ‘தும்’. இரண்டாவது, பெடலின் தலை தோலில் படும் ‘டிக்’. பள்ளத்தில் போவது அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போன்ற மந்தமான ஓசை. ஆக, ஓசையின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ராக் மேடைக்கு இது வரப்பிரசாதம். மிக்சரில் கை வைக்காமலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் எங்கே வைப்பது என்பதை அப்போதும் நாம்தான் பார்க்க வேண்டும். டிரம்மின் முன்தோலில் ஓட்டை இருந்தால், அதற்கு நேரே உள்ளங்கையைக் காட்டி, வாசிப்பவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் அடிக்கும் காற்று ‘புஸ்’ஸென்று கையில் அறையும். மைக்கை அங்கேயே நிறுத்தினால் அந்தப் புஸ்ஸும் சேர்ந்து பதியும். சற்று உள்ளே தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் அது போய்விடும். இன்னும் உள்ளே, அடிபடும் தோலை நோக்கிக் கொண்டுபோனால் ‘டிக்’ ஓங்கும். வெளியே இழுத்தால் ‘தும்’ வளரும். ஈக்யூவைத் தொடுமுன் இந்த ஒரு சாண் பயணத்தைச் செய்து பார்த்துவிடுங்கள்.

மிருதங்கத்துக்கு அதே மைக்கா?

கிக் மைக்கின் அந்தப் பள்ளம் பேஸ் டிரம்முக்கு வசதி. நம் தோல் கருவிகளுக்கு நஷ்டம். மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் இடப்பக்கத் தலையான தொப்பியில் ரவைப் பசையை அப்புவார். பசை தோலுக்கு எடை கூட்டி ஓசையைத் தாழ்த்தும். காயக் காய ஓசை ஏறும், அதனால் நடுவில் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்வார். அந்தத் தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தும்போது எழும் கும்கி, தாழ்விலிருந்து மேலேறும் ஒரு குழைவு. அது வழுக்கிச் செல்லும் பாதையில்தான் கிக் மைக் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. மிஞ்சுவது ‘தும் தும்’ மட்டும்.

வலந்தலையின் கதையும் இதுவே. நடுவில் இட்ட கரும்பசை வட்டமான கரணையால் மிருதங்கத் தோல் ஒழுங்கான மடங்குகளில் அதிர்கிறது என்று சி. வி. ராமன் 1920லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சாதாரணத் தோல் சத்தம் போடும். மிருதங்கம் சுருதி சேர்ந்து பாடுவதற்குக் காரணம் இந்த மடங்குகள். அவற்றில் சிலவற்றை மைக் விழுங்கிவிட்டால் வாசிப்பவர் செய்த சுருதி வேலை வீண். தவிலின் தொப்பிக்கும், உருமியின் தேய்ப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இங்கே வேண்டியது மேடுபள்ளம் குறைந்த மைக். 1960இல் வந்த சென்ஹைசர் எம்டி 421 ஒன்று. அதில் ஐந்து நிலைகள் கொண்ட ஒரு வளையம் உண்டு. இசைக்கு ‘எம்’, பேச்சுக்கு ‘எஸ்’. வளையம் தெரியாத்தனமாக ‘எஸ்’ பக்கம் போயிருந்தால் பேஸ் முழுக்கக் காணாமல் போகும், ஆகவே முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று, 1968இல் வந்த எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ 20. கிட்டே போனால் பேஸ் ஊதும் குணத்தை அடக்கும்படி அதன் உடல் நெடுக ஒலித்துளைகள் வைத்திருக்கிறார்கள். வாசிப்பவர் அசைந்தாலும் ஓசையின் கனம் மாறாது. 737 கிராம் எடை என்பதால் ஸ்டாண்ட் மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் பேஸ் ஆம்ப், டபுள் பேஸ், பாரிடோன் சாக்ஸபோன் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும்.

மேடையில் வாசிப்பவர்களுக்கான மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்னால் காது கிடையாது. பீட்டா 52ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டுக்குப் பின்னால் கொஞ்சம் காது உண்டு. அதன் மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டுக்கு நகர்த்தாவிட்டால் ஊளை நிச்சயம்.

எதை வாங்கலாம்?

ராக், சினிமாப் பாட்டு மேடைகளில் பேஸ் டிரம்மே பிரதானம் என்றால் தயங்காமல் கிக் மைக் வாங்குங்கள். ஒரே மைக்கில் இன்று டிரம்ஸ், நாளை மிருதங்கம், மறுநாள் பேஸ் ஆம்ப் என்று ஓட்ட வேண்டியவர்களுக்கு 421 அல்லது ஆர்இ 20. ‘தும்’ வேண்டுமானால் மிக்சரில் கூட்டிக்கொள்ளலாம். மைக் பிடிக்காமல் விட்ட நடுப்பகுதியை மிக்சரில் முழுமையாக மீட்பது கடினம். அவ்வளவு பணம் இல்லாதவர்கள் ஓர் எஸ்எம் 57 வாங்கி, தோலுக்கு இரண்டு மூன்று விரல் தூரத்தில் வைத்துக் கேளுங்கள். சரியும் கோட்டை அந்த நெருக்கம் ஓரளவு ஈடுகட்டும். ஷூர் பெயரில் போலிகள் ஏராளம். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் அது ஷூர் இல்லை.

சிலர் இரண்டு வகையையும் வாங்கி, ஒரே டிரம்மில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைப்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் கும்மென்று இருக்கும். சேர்த்துத் திறந்தால் பேஸ் மாயமாகிவிடும். மைக்கிலும் கோளாறு இல்லை, மிக்சரிலும் இல்லை. பிறகு எங்கே? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)