ஹாப் பூவும் பீரின் கசப்பும்

கொதிக்கத் தொடங்கியவுடன் இட்டால் கசப்பு. இறக்கும் வேளையில் இட்டால் மணம். பூ ஒன்றுதான், பாத்திரமும் ஒன்றுதான். கொதித்த நேரம் மட்டுமே வேறு. அப்படியானால் கொதிக்கும்போது அந்தப் பூவுக்குள் என்ன நிகழ்கிறது?

இதைத் தெளிவாகக் காண ஓர் ஆங்கிலேயரின் சமையலறைக்குப் போவோம். இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் பலர் உண்டு. 1880ஆம் ஆண்டில் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி, பீருக்கு வரி விதித்தார். அதுமுதல் வீட்டில் காய்ச்சவும் உரிமம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். விற்பனை செய்யாதவரை அங்கு இன்று தடையில்லை. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இங்கே உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே நாம் பார்வையாளராக மட்டும் இருப்போம். பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது.

நம் ஆங்கிலேயர் இன்று 23 லிட்டர் பீர் காய்ச்சப் போகிறார். அவர் எடுத்து வைத்திருப்பவை 4 கிலோ மால்ட், 70 கிராம் உலர்ந்த ஹாப் பூ, ஈஸ்ட், தண்ணீர். ஹாப்பில் பல வகைகள் உண்டு. ஆலைகள் இரண்டு மூன்று வகைகளைக் கலப்பது வழக்கம். இவரோ கென்ட் மாவட்டத்தில் விளையும் கோல்டிங்ஸ் என்ற ஒரே வகையை இடுகிறார். பல வகைகளைக் கலந்துவிட்டால் எந்தச் சுவை எதிலிருந்து வந்தது என்று கண்டறிய இயலாது. ஒன்றை மட்டும் இட்டால் வரும் மணமும் கசப்பும் அதனுடையவையே.

முதலில் மால்ட். பார்லி என்னும் வாற்கோதுமையை ஊறவைத்து, முளைவிட்டதும் சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். விதை முளைக்கும்போது தன்னுள் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி இளம் பயிருக்கு ஊட்டுவதற்காகச் சில நொதிகளை உண்டாக்குகிறது. மனிதன் அந்த வேளை பார்த்துக் குறுக்கிட்டு முளையை உலர்த்திவிடுகிறான். பயிர் மடிகிறது, நொதிகள் மிஞ்சுகின்றன. 1833இல் பாயென், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் முளைத்த பார்லியின் சாற்றிலிருந்து இத்தகைய பொருளைப் பிரித்து, டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். முதன்முதலாகப் பிரித்தறியப்பட்ட நொதி அதுவே.

இந்நொதியின் வேலையை நீங்கள் வீட்டிலேயே காணலாம். கெட்டியான அரிசிக் கஞ்சியைக் கை பொறுக்காத சூட்டுக்கு ஆறவிட்டு, முளைகட்டிய கேழ்வரகு மாவைச் சிறிது கலந்து வையுங்கள். சற்று நேரத்தில் கஞ்சி நீர்த்துப்போகும்.

ஆங்கிலேயர் மால்ட்டை உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார். அந்தக் கலவை 66° சென்டிகிரேடில் இருக்க வேண்டும். அறையின் வெப்பநிலையில் உள்ள மால்ட் சூட்டைக் குறைத்துவிடும் அல்லவா? அதற்கு ஈடாக அவர் 10 லிட்டர் நீரை 73 அல்லது 74 டிகிரிக்குச் சூடாக்குகிறார். பள்ளியில் நீங்கள் போட்ட வெப்ப ஏற்பு, வெப்ப இழப்புக் கணக்கு இதுவே.

ஏன் 66°? மால்ட்டில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகளில் முக்கியமானவை இரண்டு. பீட்டா அமிலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாக வெட்டி மால்ட்டோஸ் சர்க்கரையைத் தருகிறது. அதற்கு 60 முதல் 65 டிகிரி உகந்தது; அதற்கு மேல் விரைவில் அழியும். ஆல்ஃபா அமிலேஸ் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் துண்டிக்கிறது. அது 70 டிகிரியிலும் நன்கு வேலை செய்யும். அது விட்டுச் செல்லும் பெரிய துண்டுகளான டெக்ஸ்ட்ரின்களை ஈஸ்ட் உண்ணாது. ஆகவே 63 டிகிரியில் ஊறவைத்தால் நீர்த்த பீர், 69 டிகிரியில் கனத்த பீர். 66 இடைப்பட்ட ஒப்பந்தம். ஓரிரு டிகிரி பிசகினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். ஜூல் என்ற அலகுக்குத் தம் பெயரைத் தந்த ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல், சால்ஃபர்டு ஊரில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். மிகச் சிறு வெப்பநிலை மாறுதலையும் தெர்மாமீட்டரில் அளக்கும் அவரது திறமைக்கு அந்த ஆலையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் கழிந்ததும், ஒரு துளிச் சாற்றை வெள்ளைத் தட்டில் இட்டு அயோடின் சேர்க்கிறார். நீலம் தோன்றவில்லை. மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. பிறகு இனிப்பான சாற்றை வடித்து, சக்கையை வெந்நீரால் அலசி அதையும் சேர்க்கிறார்.

இனி ஹாப். இது ஐந்தாறு மீட்டர் உயரம் படரும் கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கஞ்சாவின் போதைப் பொருள் இதில் இல்லை. ஆண்கொடி, பெண்கொடி தனித்தனி, பயன்படுவது பெண்பூங்கொத்தே. அதன் செதிலிதழ்களைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். பீருக்கு வேண்டிய எல்லாம் அந்தத் தூளில்தான் உள்ளன. அதிலுள்ள பிசினில் இருப்பவை ஆல்ஃபா அமிலங்கள். கோல்டிங்ஸ் பூவில் இவை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு. எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெயும் உண்டு; அது நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது.

ஆல்ஃபா அமிலம் நீரில் அதிகம் கரையாது. அந்நிலையில் அது கசப்பதும் இல்லை என்றே சொல்லலாம். நீண்ட நேரம் கொதித்தால் அதன் மூலக்கூறு, அணு ஒன்றையும் இழக்காமல், உள்ளமைப்பில் மட்டும் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலம் ஆகிறது. இப்படி ஒரே அணுக்கள் வேறு அடுக்கில் அமைந்த பொருள்களை மாற்றியங்கள் என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். இந்த மாற்றியம் கரையும், நன்றாகக் கசக்கும். மாற்றம் மெதுவாகவே நிகழ்கிறது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் கால் பங்கு அளவே பயனுக்கு வருகிறது.

நறுமண எண்ணெயின் கதை இதற்கு நேர்மாறானது. சாம்பார் கொதித்து வீடெல்லாம் மணந்தால், மணம் சாம்பாரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹாப்பும் அப்படியே. கசப்பு வளர வளர மணம் ஆவியோடு வெளியேறுகிறது. ஒரே நேரத்தில் இட்டு இரண்டையும் முழுமையாகப் பெற வழியில்லை.

ஆகவே அவர் 50 கிராமைக் கொதி தொடங்கியதும் இடுகிறார். கடைசிப் பத்து நிமிடம் இருக்கையில் 10 கிராம். அடுப்பை அணைத்த பின் 10 கிராம். முதலாவது கசப்புக்கு, இறுதியானது மணத்துக்கு, நடுவிலுள்ளதில் இரண்டும் கொஞ்சம்.

கசப்பு சுவைக்கு மட்டுமன்று. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து ஹாப் வந்து சேரும்வரை ஆங்கிலேயரின் ஏல் என்ற பானத்தில் ஹாப் கிடையாது. அது விரைவில் புளித்துப் போகும். ஹாப்பின் அமிலங்கள் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் பலவற்றை அடக்குகின்றன. ஈஸ்ட்டை ஒன்றும் செய்வதில்லை. இதை அறியாமலேயே மக்கள் சரியான பூவைத் தேர்ந்துகொண்டது வியப்புக்குரியது.

கொதித்த சாற்றைச் செப்புக் குழாய்ச் சுருளில் குளிர்ந்த நீர் ஓடச் செய்து விரைவாக 20 டிகிரிக்குக் கொண்டுவருகிறார். அடுப்பின் சூடு போனபின் காவலும் போய்விடுகிறது. இனித் தொடும் ஒவ்வொரு கரண்டியும் குழாயும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் 23 லிட்டரும் சாக்கடைக்கே. பெரிய ஆலைகளும் இதற்கு விலக்கல்ல. 1871இல் லண்டனில் ஒரு பெரிய பீர் ஆலைக்குச் சென்ற லூயி பாஸ்டர், அங்கிருந்த ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்து, வேண்டாத உயிரிகள் கலந்திருப்பதைக் காட்டினார். ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் சென்றபோது ஆலையினர் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கிவிட்டிருந்தனர்.

ஈஸ்ட் சேர்த்த மறுநாள் மேலே நுரை பொங்குகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு எதில் ஆல்கஹால் மூலக்கூறுகளாகவும் இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளாகவும் பிளவுபடுகிறது. ஆல்கஹால் நீரைவிட இலேசானது. சர்க்கரைக் கரைசல் கனமானது. ஆகவே சாற்றில் மிதக்கும் ஹைட்ரோமீட்டர் நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது. முதலில் ஒப்படர்த்தி 1.040, ஒரு வாரத்தில் 1.010. இந்த வேறுபாட்டிலிருந்து ஆல்கஹால் கன அளவில் சுமார் 4 விழுக்காடு என்று கணக்கிடலாம்.

புட்டியில் அடைக்கும் முன் ஹைட்ரோமீட்டர் தொடர்ந்து மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மொத்தப் பீருக்கும் 90 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்தால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதை உண்டு, மூடிக்குள் அளவான வாயுவை உண்டாக்கும். நொதித்தல் முடியாமல் அவசரப்பட்டு அடைத்தால் வாயு மிகுந்து கண்ணாடி வெடித்துச் சிதறும். இதில் காயமடைந்தோர் உண்டு. வீட்டுப் பீரில் உண்மையான அபாயம் இதுதான்.

புட்டி பழுப்பு நிறமாக இருப்பதற்கும் ஹாப்பே காரணம். வெயில் பட்டால் ஐசோ ஆல்ஃபா அமிலம் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு பொருளாகி முடைநாற்றம் வீசும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்னும் விலங்கு எதிரிமேல் பீய்ச்சும் நீரின் வாடையோடு அதை ஒப்பிடுவார்கள். அதனை உண்டாக்கும் ஒளியைப் பழுப்புக் கண்ணாடி தடுக்கிறது. பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுப்பதில்லை.

மூன்று வாரம் கழித்து நம் ஆங்கிலேயர் முதல் புட்டியைத் திறந்து, குறிப்பேட்டில் எழுதுகிறார். அடுத்த முறை மால்ட், ஈஸ்ட், நேரம் எல்லாம் இதேபோல். கோல்டிங்ஸுக்குப் பதிலாக ஃபக்கிள் என்ற ஹாப். அதன் பொட்டலத்தில் ஆல்ஃபா அமிலம் 4 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறது. கசப்பு மாறாமலிருக்க முதல் வேளைக்கு 50 கிராமுக்குப் பதில் எத்தனை கிராம் இட வேண்டும் என்று ஓரத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்: 62½ கிராம்.