எந்த டேங்குக்கு 300 மில்லி?

எங்கள் உழவர் வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்தரைக்கே பேச்சு ஆரம்பித்துவிடும். பால் கறந்த கையோடு போனை எடுப்பவர்கள்தான் அதிகம். முன்பு ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். 2022-இல் அதை 1024 ஆக்கினார்கள். எங்கள் குழுவில் இப்போது எழுநூற்றுச் சொச்சம் பேர். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் பேசிக்கொண்ட விஷயம், இன்றைக்கு எழுநூறு வயலுக்குப் போகிறது.

டீக்கடையில் பேசியவருடைய நிலம் நமக்குத் தெரியும். கரிசலா செம்மண்ணா, கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்ல தண்ணியா, எல்லாம் தெரியும். அவர் சொல்வதில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்! போனில் வரும் குறிப்புக்குப் பின்னால் இதில் ஒன்றுமே வருவதில்லை.

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்து அரை ஏக்கரில் மிளகாய் போட்டிருந்த ஒரு தம்பி, "செடி சுருட்டிக்கிட்டு வருது, என்ன அடிக்கலாம்?" என்று ஒரு படத்தோடு கேட்டார். படத்தில் செடி தெரிந்தது, இலை தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது பதில். பஞ்சகவ்யா, புளித்த மோர், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், வேப்பெண்ணெய், அப்புறம் "கோமியம் அடிங்க, ரெண்டே நாள்ல நிமிர்ந்துடும்." கோமியம் கையில் இருந்தது. தம்பி அதையே பிடித்துக்கொண்டார். எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, உச்சி வெயிலில் அடித்துவிட்டார். மூன்றாம் நாள் கொழுந்தெல்லாம் கருகிப்போச்சு. ஒரு பங்கு கோமியத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தச் செடி தப்பியிருக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஒன்பது பேரில் ஒருவர்கூட "எந்தப் பக்கம் சுருட்டியிருக்கு?" என்று திருப்பிக் கேட்கவில்லை. மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் அது பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டு போனால் முரணைச் சிலந்தி. இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி நோய். முதல் இரண்டுக்கும் அடிக்கக் கரைசல் உண்டு. மூன்றாவதற்கு எதை அடித்தும் அந்தச் செடி திரும்பாது. ஆரம்பத்திலேயே பிடுங்கி எரித்து, பக்கத்துச் செடிகளில் வெள்ளை ஈயைக் கவனிக்க வேண்டியதுதான். மூன்று வேறு சங்கதிகளுக்கு நம்மிடம் "சுருட்டை" என்று ஒரே சொல் புழங்குகிறது. கேட்டவர் ஒன்றை நினைத்துக் கேட்க, சொன்னவர் இன்னொன்றை நினைத்துச் சொல்கிறார்.

அந்தத் தம்பி அடுத்த போகத்துக்கு மருந்துக் கடைக்குப் போய்விட்டார். "இயற்கைன்னாலே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார்" என்றார். கருகின செடியைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு உறுத்தியது.

அளவு விஷயத்துக்கு வருவோம். "பஞ்சகவ்யா டேங்குக்கு 300 மில்லி" என்று எழுதுகிறோம். எந்த டேங்க்? 3 சதம் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்குத்தான் 300 மில்லி. இன்றைக்கு நிறையப் பேர் தோளில் மாட்டும் பேட்டரி டேங்க் 16 லிட்டர். அதற்கு 480 மில்லி வேண்டும். 300 மட்டும் ஊற்றினால் 2 சதம்கூட வராது. அடித்துவிட்டு, "பஞ்சகவ்யாவில் ஒண்ணும் தெரியலையே" என்பார். டெல்டாக்காரர் "மாவுக்கு இவ்வளவு" என்று எழுதுவார். அவர் சொல்லும் மா 33 சென்ட் என்பது கோயம்புத்தூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? வேப்பங்கரைசலிலும் இதே கதைதான். 10 லிட்டருக்கு அரை கிலோ என்பது ஓடு நீக்கிய பருப்புக்கு. அதைக் கொட்டை என்று எழுதினால், ஓட்டோடு நிறுத்துப் போடுபவருக்குச் சரக்கு குறைந்துபோகும். ஆகவே லிட்டருக்கு எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். டேங்க் கணக்கு வேண்டாம்.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் இருந்தவன். தேதி இல்லாத, தொகை எழுதாத, கையெழுத்து இல்லாத காசோலையை எவ்வளவு நல்ல மனுஷர் நீட்டினாலும் கவுண்டரில் வாங்க மாட்டோம். இங்கேயும் அப்படித்தான் பார்க்கிறேன். எந்த மாதம், என்ன மண், எவ்வளவு, யார் செய்தது, இந்த நாலும் இல்லாத குறிப்பை நான் அடுத்த குழுவுக்கு அனுப்புவதில்லை. பலமுறை அனுப்பப்பட்டது என்று இரட்டை அம்புக்குறியோடு வருவதை வயலுக்கு எடுத்துப் போவதே இல்லை. அதற்கு யாரும் சொந்தக்காரர் கிடையாது.

இன்னொன்று, வினைச்சொல்லைப் பாருங்கள். "செய்தேன்" என்பது அனுபவம். "செய்யலாம்" என்பது அபிப்பிராயம். "செய்றாங்களாம்" என்பது காற்றில் வந்தது. மூன்றும் பேச்சில் இருக்கட்டும், நான் ஒன்றையும் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் "செய்றாங்களாம்" என்று கேட்டதை "செய்யுங்க" என்று மாற்றி எழுதுவது நியாயமில்லை.

நல்லபடியாக எழுதப்பட்ட குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, எங்கள் பக்கத் தென்னைக்கும் வந்து சேர்ந்தது. மட்டையெல்லாம் கரும்பூசணம் பிடித்துக் கறுத்துவிட்டது. சோப்புப் பவுடர், மண்ணெண்ணெய் என்று ஆளாளுக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் எழுதினார்: லிட்டருக்கு 25 கிராம் மைதா, காய்ச்சிப் பசையாக்கி ஆறவிட்டு, இலையின் மேல்பக்கம் தெளித்தேன், வெயிலில் காய்ந்ததும் கரும்பூசணம் செதில் செதிலாக உரிந்து விழுந்தது. அடுத்த வரிதான் முக்கியம். "இது வெள்ளை ஈயைக் கொல்லாது, இலைக்கு வெளிச்சம் கிடைக்க மட்டும்தான்." ஈயைக் குறைக்க என்கார்சியா என்ற குட்டிக் குளவி இருக்கிறது, அது பெருகுகிற நேரத்தில் கண்டதை அடித்து அதையும் சேர்த்துக் கொல்லாதீர்கள், குளவிக் கூட்டுப்புழு இருக்கிற ஓலைத் துண்டை வெட்டி மற்ற மரத்தில் செருகுங்கள் என்றும் எழுதியிருந்தார். எது செய்யும், எது செய்யாது, இரண்டும் இருந்தன. அந்தக் குறிப்பை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

நம் குழுக்களில் வராத ஒன்றும் உண்டு. தோற்ற கதை வருவதில்லை. குலை தள்ளிய வாழை, தூர் கட்டிய மாப்பிள்ளைச் சம்பா, கூடை நிறையக் கத்தரி என்று படம் வரிசையாக வரும். முளைக்காத விதை, சாய்ந்த பயிர், விலை கிடைக்காமல் மாட்டுக்குப் போட்ட தக்காளி ஆகியவை வராது. வரவு மட்டும் எழுதி, பற்று எழுதாத கணக்குப் புத்தகத்தை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துத்தான் இறங்குகிறார் என்பதை நினைத்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. யாராவது "எனக்கு வரலை" என்று எழுதினால் உடனே நாலு பேர் வந்து "நீங்க சரியா செய்யலை" என்கிறார்களே, அதை முதலில் நிறுத்த வேண்டும். அதற்கப்புறம் யார் வாய் திறப்பார்கள்?

குரல் பதிவு போடுபவர்கள் மீது எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு சலிப்பு இருக்கிறது. ஏழு நிமிஷம் யார் கேட்பது என்கிறார்கள். என் அனுபவத்தில் சரக்கு அதில்தான் இருக்கிறது. மணப்பாறைப் பக்கத்து அக்கா ஒருவர், துவரைக்குச் செம்மண் கட்டுவதை மாடு கத்துவதற்கு நடுவில் விலாவாரியாகச் சொன்னார். மண்ணை எங்கே எடுப்பது, எப்படிச் சலிப்பது, எத்தனை வெயில் காயவைப்பது, பல்லில் கடித்தால் என்ன சத்தம் வர வேண்டும் என்று ஒன்றும் விடவில்லை. யாரும் பதில் போடவில்லை. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் பேத்தி அதைக் கேட்டுக் கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். குழுவில் போடுமுன் அக்காவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினோம். "ரெண்டு வெயிலுன்னு எழுதியிருக்கியே கண்ணு, மழைக்காலத் துவரைன்னா மூணு வெயிலு வேணும், அதையும் போடு" என்றார். போட்டோம்.