நாயை அடித்தால் அடங்குமா? விழுப்புரம், திண்டிவனத்தில் நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

2024 மே 5. சென்னை ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்ற ஓடிவந்த தாய்க்கும் காயம். நாய்கள் கயிறு இல்லாமல் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

உடனே எழுந்த கேள்வி, 'எந்த இனத்தைத் தடை செய்வது?' என்பதுதான். அதே ஆண்டு மார்ச்சில் 23 நாய் இனங்களுக்குத் தடை கேட்டு மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. நாய் எந்த இனம் என்று கேட்பவர்கள், அது எப்படி வளர்க்கப்பட்டது என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் அந்தக் கேள்விக்குத் தனி அர்த்தம் உண்டு. பிள்ளைக்குச் சென்னையிலோ புதுச்சேரியிலோ வேலை. ஆசையாக வாங்கிய குட்டி ஊரில் அப்பா அம்மாவிடம். பகல் முழுக்க கேட் ஓரம் சங்கிலி, ராத்திரி அவிழ்ப்பு. இப்படி வளரும் நாய் என்ன கற்றுக்கொள்கிறது?

கட்டிப்போட்டால் நல்ல காவல் நாய் ஆகுமா?

'கட்டிப்போட்டாதான் கோபமா வளரும், திருடன் கிட்ட வரமாட்டான்' என்பது பலரது நம்பிக்கை. நாய்க்குப் பயம் வந்தால் அதன் முதல் விருப்பம் விலகிப் போவது. சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது குரைப்பதும் பாய்வதும்தான். கூரியர் பையன் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனாலும், 'நான் குரைச்சேன், அவன் ஓடிட்டான்' என்றே நாய் எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் வேகமாகப் பாயும். ஒருநாள் சங்கிலி அறுந்தால், எதிரே வருவது திருடனா பக்கத்து வீட்டுக் குழந்தையா என்று அது பிரித்துப் பார்க்காது.

குட்டிக்கு 3 வாரம் முதல் சுமார் 14 வாரம் வரையிலான காலம் மிக முக்கியம். குழந்தைகள், பைக், குடை, குக்கர் விசில், புதிய மனிதர்கள் என எதையெல்லாம் பயமில்லாமல் அப்போது பார்க்கிறதோ, அதெல்லாம் பிறகு அதற்குச் சாதாரணமாகிவிடும். தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிடாமல், கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

அடித்தால் கேட்காதா?

அந்த நிமிடத்துக்கு நிற்கும். காலை 10 மணிக்குச் செருப்பைக் கடித்த நாயை, மாலை 6 மணிக்கு வந்து அடித்தால் செருப்பு அதன் நினைவிலேயே இருக்காது. 'இவர் வந்தால் அடி விழும்' என்பதுதான் பதியும். 'தப்பு பண்ணது தெரிஞ்சுதான் தலையக் குனிஞ்சு நிக்குது' என்கிறோமே, அது பெரும்பாலும் நம் கோபத்தைப் பார்த்து வரும் பயம்.

உறுமும் நாயை அடிப்பது இன்னும் ஆபத்து. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிக்கலாம்.

போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. கண்டிப்பும் தண்டனையுமாகப் பயிற்சி பெற்ற நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் அதிகமாக உயர்ந்திருந்தது.

பாசிட்டிவ் பயிற்சி என்றால் என்ன?

நமக்குப் பிடித்ததை நாய் செய்த ஓரிரு நொடிக்குள் பரிசு கொடுப்பது. பலன் கிடைத்த செயல் திரும்ப நடக்கும் என்பதே அடிப்படை. மோப்ப நாய்களுக்கும் பொருளைக் கண்டுபிடித்ததும் பந்து பரிசாகக் கிடைப்பது உண்டு.

வீட்டில் தொடங்குவது எளிது:

• சாப்பாட்டுக்கு முன், தினமும் இரண்டு மூன்று முறை, 5 நிமிடம் போதும்.

• பரிசு: வேகவைத்த கோழித் துண்டு, முட்டை, கேரட். சாக்லேட், திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம்.

• துண்டை மூக்குக்கு மேலே தூக்கினால் நாய் தானாக உட்காரும். உட்கார்ந்ததும் கொடுங்கள். பழகிய பிறகு 'உட்காரு' என்ற சொல்லைச் சேருங்கள். மகன் 'சிட்' என்றும் பாட்டி 'உக்காரு' என்றும் சொன்னால் குழம்பும். வீட்டுக்கே ஒரே சொல்.

• மேலே தாவினால் கத்த வேண்டாம். திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது கொஞ்சுங்கள்.

இது செல்லம் கொடுத்துக் கெடுப்பது ஆகாது. வேண்டாததைச் செய்தால் பரிசும் இல்லை, கவனிப்பும் இல்லை என்பது நாய்க்குத் தெளிவாகப் புரியும்.

அமைதியாக இருந்த நாய் திடீரென்று கடித்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, மூட்டு வலிகூடக் காரணமாக இருக்கலாம். உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையைத் தாண்டி, புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் அருகிலேயே உள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

தன் விலங்கால் மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றம். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடைமுறை என்ன என்பதை நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். ரேபிஸ் தடுப்பூசி குட்டிக்கு 3 மாதத்தில், பிறகு ஆண்டுதோறும்.

கடித்துவிட்டால்?

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. 'நம்ம வீட்டு நாய்தானே' என்று விடாமல் அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் அறிகுறி வந்தபின் பிழைப்பது மிக அரிது. உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் அநேகமாக முழுமையாகத் தடுத்துவிடலாம்.

வார இறுதியில் ஊருக்கு வருபவர்கள், நாய்க்குச் சொல்லிக்கொடுக்கும்போது அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். திங்கட்கிழமை முதல் அந்த நாயோடு இருக்கப்போவது அவர்கள்தான்.