தோட்டா நிரப்பிய துப்பாக்கியும் ஒரு சட்டப் புத்தகமும்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காட்டுப் பன்றி வேட்டை புதிதல்ல. மரவள்ளியையும் செம்பனைக் கன்றையும் பன்றி தோண்டிப் போட்டுவிட்டால், உரிமம் உள்ள ஒருவர் துப்பாக்கியோடு வருவார். லயத்துப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்து நிற்பார்கள். அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் உண்டா என்பதே மலேசியச் சட்டத்தின் முதல் கேள்வி. உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல மாநிலங்களில் வேட்டைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமமே வேண்டியதில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினால் மட்டும் சட்டம் குறுக்கே வந்து நிற்கும். “உள்ளே தோட்டா இருக்கிறதா?” என்று கேட்கும்.

இந்தச் சின்னக் கேள்வியைப் படித்துத் தெரிந்துகொண்ட ஏழை வீட்டுப் பிள்ளைகள் இருவர், ஒரு நகரத்துப் போலீசையே திகைக்க வைத்தார்கள். பிறகு அந்தச் சட்டமே மாறியது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வேட்டைக்காரனுக்கு வந்த சட்டம்

நீண்ட குழல் துப்பாக்கியைத் தோட்டாவோடு வண்டியில் வைத்தால் என்ன ஆகும்? வண்டி குண்டுகுழியில் குலுங்கும். விசையில் துணியோ கயிறோ மாட்டிக்கொள்ளும். இறங்குகிறவர் குழல் முனையைப் பிடித்துத் தம் பக்கமாகவே இழுப்பார். வெடித்தால் நெஞ்சில்தான் பாயும். சாலையோரத்தில் மிரண்டு நிற்கும் மானைக் காரில் உட்கார்ந்தபடியே சுடுவது வேட்டைக்கும் அழகல்ல. இந்தக் காரணங்களால்தான் ‘வண்டியில் ஏறுமுன் தோட்டாவை எடுத்துவிடு’ என்ற விதி பல மாநிலங்களில் வந்தது.

வெர்மான்ட் மாநிலத்தில் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க உரிமம் தேவையில்லை. அங்கேகூடத் தோட்டா நிரப்பிய நீண்ட துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டு பொதுச் சாலையில் போகக்கூடாது. வாஷிங்டன் மாநிலத்திலும் அப்படித்தான்.

1960களின் கலிபோர்னியாவில் இந்த விதி மீன்பிடி, வேட்டைச் சட்டத்தில் இருந்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. குழலின் அடியில், சுடத் தயாராகத் தோட்டா இருந்தால்தான் குற்றம். துப்பாக்கியோடு சேர்ந்த தோட்டாப் பெட்டியில் இருந்தால் குற்றமில்லை. தெருவில் இறங்கிவிட்டாலோ, மறைக்காமல் வெளிப்படையாகப் பிடித்திருக்கும்வரை தோட்டா நிரப்பியே நடக்கலாம்!

பருத்திக் காட்டிலிருந்து வந்தவர்கள்

நம் பாட்டனும் பூட்டனும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்ததைப்போல, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லூசியானா, டெக்சஸ் போன்ற தென் மாநிலங்களின் கறுப்பினத்தவர், கப்பல் கட்டும் வேலைக்காகக் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகருக்கு வந்தார்கள். போர் முடிந்தது, வேலையும் குறைந்தது. போலீஸ்காரர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். தெருவில் நிறுத்திச் சோதிப்பதும் அடிப்பதும் பற்றிக் கறுப்பினத்தவர் குமுறிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி வந்த குடும்பங்களில் பிறந்தவர்களே ஹியூயி நியூட்டனும் பாபி சீலும். நியூட்டன் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. பிறகு தாமே முயன்று வாசிக்கக் கற்றார். கல்லூரிக்குப் போனார். சட்டமும் படித்தார். 1966 அக்டோபரில் இருவரும் சேர்ந்து ‘கருஞ்சிறுத்தைக் கட்சி’யைத் தொடங்கினார்கள்.

கையில் சட்டப் புத்தகம்

அவர்கள் செய்தது இதுதான். காரில் ஏறி, போலீஸ் வண்டியைப் பின்தொடர்வார்கள். யாரையாவது போலீஸ் நிறுத்தினால், சட்டம் அனுமதிக்கும் தூரத்தில் நின்று கவனிப்பார்கள். கையில் துப்பாக்கி, கூடவே சட்டப் புத்தகம். பிடிபட்டவருக்கு என்ன உரிமை உண்டு என்று உரக்கச் சொல்வார்கள்.

1967 பிப்ரவரியில் ஒருநாள் போலீஸ் அவர்களுடைய காரையே நிறுத்தியது. உள்ளே துப்பாக்கிகள் இருந்தன. அதிகாரி ஒருவர் துப்பாக்கியைக் காட்டச் சொன்னார். நியூட்டன் மறுத்தார். பெயர், முகவரி, அடையாள அட்டை தவிர வேறெதையும் தரவேண்டியதில்லை என்றார். காரை விட்டு இறங்கிய பிறகே தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றினார். கவனித்தீர்களா? காருக்குள் இருந்தவரை வேட்டைச் சட்டத்தை மீறவில்லை. தெருவில் இறங்கியபின் அந்தச் சட்டம் அவரைத் தொடவில்லை. கூட்டம் கூடியது. அன்று யாரையும் கைது செய்ய முடியவில்லை.

சட்டமன்றத்தில் சலசலப்பு

ஆனால் சட்டத்தை எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? டான் மல்ஃபோர்டு என்ற சட்டமன்ற உறுப்பினர் உடனே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1967 மே 2ஆம் நாள் கருஞ்சிறுத்தையினர் சுமார் 30 பேர் துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். நாடே அதிர்ந்தது. சீல் உட்படப் பலர் கைதானார்கள். மசோதாவைத் தடுக்கப் போனவர்களே அது விரைந்து நிறைவேறக் காரணமானார்கள்.

ஜூலை 28ஆம் நாள் கவர்னர் ரொனால்டு ரீகன் அதில் கையொப்பமிட்டார். முன்னாள் சினிமா நடிகர், 1981இல் அமெரிக்க அதிபரானாரே, அவரேதான். துப்பாக்கி உரிமைக்குக் கொடி பிடிக்கும் தேசிய ரைபிள் சங்கமும் அன்று அந்த மசோதாவை ஆதரித்தது. இனி நகரத்துப் பொது இடத்தில், கையிலோ வண்டியிலோ, தோட்டா நிரப்பிய துப்பாக்கி கூடாது. குழலில்தான் என்றில்லை, தோட்டாப் பெட்டியில் இருந்தாலும் அது ‘நிரப்பிய’ துப்பாக்கியே. நியூட்டன் புகுந்த சந்து அடைபட்டது.

யாருக்கு லாபம்?

சட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்பீர்கள். நகரத் தெருவில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி திரியாமலிருப்பது எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் எவ்வளவோ காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு, கறுப்பு இளைஞர் கையில் அதைப் பார்த்த பிறகுதானே விழிப்பு வந்தது? இந்தக் கேள்வியை அமெரிக்கர்களே இன்றும் கேட்கிறார்கள்.

துப்பாக்கி அந்த இளைஞர்களுக்கும் வாழ்வு தரவில்லை. 1967 அக்டோபரில் நியூட்டனைப் போலீஸ் நிறுத்தியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அதிகாரி ஒருவர் இறந்தார். நியூட்டன் குண்டடி பட்டுச் சிறைக்குப் போனார். அந்தத் தீர்ப்பு 1970இல் ரத்தானது. 1968 ஏப்ரலில் கட்சியின் இளம் உறுப்பினர் பாபி ஹட்டன் 17 வயதில் போலீஸ் குண்டுக்குப் பலியானார். நியூட்டனும் 1989இல் ஓக்லாந்துத் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே கட்சி 1969 ஜனவரியில் ஓக்லாந்தின் ஒரு தேவாலயத்தில் இன்னொரு காரியத்தையும் தொடங்கியது. பள்ளிக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் காலைச் சாப்பாடு! வெறும் வயிற்றோடு பாடம் மண்டையில் ஏறாது என்பது நமக்குத் தெரியாததா? அது பல நகரங்களுக்கும் பரவியது. துப்பாக்கியால் பெறாத நல்ல பெயரை அந்தச் சாப்பாட்டால் பெற்றார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை யாராவது பன்றி வேட்டைக்கு ஜீப்பில் கூப்பிட்டால், துப்பாக்கிக்கு உரிமம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் போகவிடாதீர்கள். உரிமமில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால், கூட உட்கார்ந்திருந்தவனும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நியூட்டனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமக்குரிய சட்டத்தை அவர் வரி வரியாகப் படித்திருந்தார். உங்கள் சம்பளச் சீட்டையும், சேமநிதிக் கணக்கையும், வேலை ஒப்பந்தத்தையும் அப்படிப் படித்திருக்கிறீர்களா? இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, படித்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.