படிக்கட்டில் சிக்கனம் வேண்டாமே!

நாங்கள் வீடு கட்டியபோது டைல்ஸ் கலர், கிச்சன் மேடை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். படிக்கட்டைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. "படியைச் செங்குத்தாப் போட்டா ஹால் பெரிசா இருக்கும்மா" என்றார் மேஸ்திரி. தலையாட்டி விட்டோம். பத்தரை அடி உயரத்துக்கு 16 படிதான். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 8 அங்குல உயரம். கால் வைக்கும் இடமோ 9 அங்குலம்!

பழைய வீட்டில் வருஷா வருஷம் மொட்டை மாடியில் வடாம் பிழிந்த என் மாமியார், கிரகப்பிரவேசத்தன்று ஏறியதோடு சரி. "இறங்கறப்ப முழங்கால் விண்ணுனு தெறிக்குது. நீயே காய வெச்சிடும்மா" என்று சொல்லிவிட்டார்.

சமீபத்தில் என் தங்கை வீடு கட்டியபோது, டேப்போடு போய் நின்றேன். அதே உயரத்துக்கு 21 படி. உயரம் 6 அங்குலம், மிதிக்கும் அகலம் 11 அங்குலம், நடுவில் ஒரு லேண்டிங். தரை டைல்ஸின் கனத்தையும் முன்பே கணக்கில் சேர்க்கச் சொன்னேன். இல்லாவிட்டால் முதல் படியும் கடைசிப் படியும் உயரம் மாறி, காலை இடறிவிடும். விளக்குக்குக் கீழேயும் மேலேயும் சுவிட்ச்.

ஹால் குறைந்ததில் தங்கைக்கு வருத்தம்தான். ஆனால், பால் காய்ச்சிய அன்று என் மாமியார் கைப்பிடியைப் பிடித்தபடி மெள்ள மாடி ஏறினார். "நம்ம வீட்லயும் இப்படிப் போட்டிருக்கலாமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வீடு கட்டப் போகும் தோழிகளே, ஹாலுக்காகப் படியைக் குறுக்காதீர்கள். நமக்கும் வயசாகும்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.