காட்டுவண்டியின் கண்ணும் காதும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், பெரும்பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தின்மேல், தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் 2022 செப்டம்பரில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட மாபெரும் துறைமுகமும் நெருங்கி நிற்கும் துவாஸுக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. 1998 ஜனவரி 2ஆம் தேதி போக்குவரத்துக்கு விடப்பட்ட இரண்டாவது இணைப்புப் பாலம், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்தில், இங்கிருந்துதான் ஜொகூர் நீரிணையைக் கடந்து மலேசியாவைத் தொடுகிறது. விடுமுறை நாட்களில் அப்பாலத்தை நோக்கிச் செல்லும் வாகன வரிசையில், உயர்ந்த சக்கரங்களும் கூரைமேல் ஏரியலும் பம்பரின்மேல் கூடுதல் விளக்குகளுமாக ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் சில தென்படும். இந்த ஏரியலையும் விளக்குகளையும் ஆடம்பரமென்று நினைப்பவர்கள் உண்டு. முறையாகப் பொருத்தப்படாதவை ஆடம்பரமே. முறையாகப் பொருத்தப்பட்டவையோ, ஒரு கூட்டத்தோடு காட்டுக்குள் புகும் மனிதன் தன் சகப் பிரயாணிகளுக்குச் செய்யவேண்டிய கடமையின் ஒரு பகுதி.

தெருவிளக்கில்லாத முடுக்கு ஒன்றைக்கூடச் சிங்கப்பூரில் காண்பது அரிது. கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடமும் அப்படியே. பாலத்தைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களையும் கடந்து, எண்டாவ் ரொம்பின் போன்ற வனப்பகுதிகளின் ஓரத்து மரம்வெட்டும் பாதைகளை அடைந்தாலோ, இவ்விரண்டு வசதிகளும் ஒருசேர மறைந்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மண் பாதை சேறாகும், ஓடை ஆறாகும். அந்தச் சேற்றையே களமாகக் கொண்டு 1997ஆம் ஆண்டிலிருந்து மலேசியாவில் நடந்துவரும் மழைக்காட்டுச் சவால் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு, தனி வண்டியாகப் போவது எவ்வளவு அபாயம் என்பதை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. மரப்பாலம் உடைந்திருப்பதை முன்னே போனவர் பின்னே வருபவருக்குச் சொல்லவும், கடைசி வண்டி நின்றுவிட்டதை முதல் வண்டி அறியவும் வானொலி ஒன்றே துணை.

எல்லையின் இரு கரைகள்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுவது நலம். சிங்கப்பூரில் உரிமமில்லாமல் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய சிறு வாக்கி டாக்கிகள் 446 மெகாஹெர்ட்ஸ் வரிசையில், அரை வாட் சக்தியில் இயங்குபவை. மலேசியாவில் அதே உபயோகத்துக்கு 477 மெகாஹெர்ட்ஸ் வரிசையும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு கரையில் நியாயமாகப் பேசிக்கொண்டிருந்த கருவி, பாலத்தைக் கடந்ததும் அந்த வரிசையில் பேசுபவர்களுக்கு எட்டாது. அதிக சக்தியோடு பேச விரும்புபவர் தேர்வெழுதி, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று, 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறியை அடையலாம். அக்கரையில் பேசுவதற்கு அந்நாட்டின் அனுமதியும் வேண்டும். விளக்குகளைப் பொருத்துமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் படித்தறிவது அவசியம். காட்டுக்கென்று வைத்த விளக்கைப் பொதுச்சாலையில் மூடியிட்டு அணைத்து வைப்பதே எதிரே வருபவருக்குக் காட்டும் மரியாதை.

ஏரியலும் அதன் தளமும்

ஏரியல் என்பது வெளியே தெரியும் கம்பி மாத்திரமே என்று எண்ணுவது பொதுவான பிழை. அமெச்சூர்கள் விரும்பும் 145 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் கால் பங்கான ஏறத்தாழ அரை மீட்டர்க் கம்பி போதும். ஆனால் அந்தக் கம்பி பாதி ஏரியல்தான். மறுபாதி அதன் கீழே விரிந்திருக்கும் உலோகத் தகடு. கூரையின் நடுவில் நின்றால் நாலா திசையிலும் ஒரே சீராகப் பேசும் கம்பி, பம்பரின் மூலையில் நின்றால் வண்டியின் உடல் விரிந்திருக்கும் திசைக்கே சாய்ந்து பேசுகிறது. மரக்கிளைக்குப் பயந்து கூரையைத் தவிர்ப்பவர்கள், கிளை தட்டினால் வளைந்து நிமிரும் சுருள்வில் அடியுள்ள கம்பியைத் தேர்ந்துகொண்டு கூரையிலேயே வைப்பது மேல்.

கூரையில் 19 மில்லிமீட்டர்த் துளையிட்டு, அதன் விளிம்பில் அரத்தால் பிசிறு நீக்கி, உட்புறத்துப் பெயிண்டை மாத்திரம் ஒரு மோதிர அகலத்துக்குச் சுரண்டிப் பளபளவென்று தகடு தெரியச் செய்ய வேண்டும். ஏனெனில் ஏரியலைத் தாங்கும் அடித்தாங்கியின் பற்கள் உட்புறத்தில்தான் உலோகத்தைக் கவ்வுகின்றன. வெளிப்புறத்துப் பெயிண்டைத் தொடாமல் விட்டு அதன்மேல் ரப்பர் வளையம் அமர்ந்தால்தான் மழைநீர் இறங்காது. சுரண்டிய இடத்தில் கிரீஸ் தடவாவிட்டால் துவாஸின் உப்புக் காற்று வெகுசீக்கிரம் துருவைக் கொண்டுவந்துவிடும். கேபிள் வெளிப்புறமாக வருமானால், அதை உள்ளே நுழைக்கும் இடத்துக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால், அதன் வழியே ஓடிவரும் நீர் அத்தொங்கலிலேயே சொட்டிவிடும். பிறகு, ஏரியலிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரால் அளக்க வேண்டும்: 1.5 காட்டினால் அனுப்பிய சக்தியில் 4 சதவீதமே திரும்பி வருகிறது. 3 காட்டினால் கால் பங்கு திரும்பிவிடுகிறது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரின் சிம் லிம் டவரில் இதற்கான கனெக்டரும் கேபிளும் தேடுபவர்கள், விலையைவிடத் தரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

வெளிச்சத்தின் கணக்கு

உயரத்தில் வைத்த விளக்கு தூரத்தைக் காட்டும் என்பது மெய்தான். ஆனால் கூரை விளக்கின் ஒளி வண்டியின் முன்மூடியில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். அடைமழையிலோ, ஒவ்வொரு துளியும் ஒளியைத் திருப்பியடித்து எதிரே வெள்ளைத் திரையொன்று தொங்குவதுபோல் ஆகிவிடும். அதனால்தான் அநுபவசாலிகள் மூடுபனிக்கும் மழைக்குமான அகன்ற ஒளியைப் பம்பரின் கீழேயும், நெடுந்தூரத்து ஒளியைப் பம்பரின் மேலேயும் வைக்கிறார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது வயருக்கும் பொருந்தும். 100 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியர் இழுக்கின்றன. போகவும் வரவும் எட்டு மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அம்மின்சாரம் ஓடினால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்து, வெளிச்சத்தில் மூன்றிலொரு பங்கு குறைந்துபோகும். 4 சதுர மில்லிமீட்டர் வயரானால் இழப்பு அரை வோல்ட்டைச் சற்றே தாண்டும். இவ்வளவு மின்சாரத்தை டாஷ்போர்டு சுவிட்சின் வழியே செலுத்தாமல், பாரத்தை ரிலே சுமக்க, அந்த ரிலேயை இயக்கும் சிறு மின்சாரத்தை மாத்திரம் சுவிட்சுக்கு விட வேண்டும். பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். விளக்கின் பக்கத்தில் வைத்த பியூஸ், நடுவழியில் உரசிக் கிழிந்த வயரைக் காப்பாற்றாது.

கண் காதைக் கெடுக்கும் விதம்

இக்காலத்தில் ஹாலஜனின் இடத்தை எல்.இ.டி. பிடித்துக்கொண்டது, குறைந்த மின்சாரத்தில் நிறைந்த பிரகாசம். ஆயினும் அதற்குள்ளிருக்கும் மின்னோட்டச் சுற்று, வினாடிக்குப் பல்லாயிரம் தடவை, சிலவற்றில் லட்சக்கணக்கான தடவை, மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. அதில் பிறக்கும் இரைச்சல் வானொலி அலைவரிசைவரை பரவ, விளக்கின் வயரே அதை ஒலிபரப்பும் ஏரியலாகிவிடுகிறது. விளக்கைப் போட்ட மாத்திரத்தில் தொலைவிலுள்ள நண்பரின் மெலிந்த குரல் இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது. இருட்டில், மழையில், விளக்கு மிகவும் தேவைப்படும் அந்த வேளையில்தான் வானொலியும் மிகவும் தேவைப்படுகிறது. கண்ணுக்கு ஒருவரும் காதுக்கு ஒருவருமாகத் தனித்தனியே வேலை செய்து கொடுத்த வண்டிகளில் இந்த விபரீதம் சர்வசாதாரணம்.

பரிகாரம் கடினமன்று. வானொலிக்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுக்க வேண்டும். விளக்கின் வயரை ஏரியல் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோக வேண்டும். விளக்கின் அருகிலேயே அதன் வயரை இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்ற வேண்டும். விளக்கின் உலோகக் கூட்டைப் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் உடலோடு இறுகப் பிணைக்க வேண்டும்.

இவையெல்லாம் செய்தான பின்பும் ஒரு பரீட்சை பாக்கியிருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, வானொலியில் இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து, கிடைப்பதிலேயே மெலிந்த குரல் ஒன்றைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். இரைச்சல் கூடினால் வேலை முடியவில்லை என்று பொருள். பணிமனைக்காரர்கள் இப்பரீட்சையைச் செய்து காட்டாமல் எந்த வண்டியையும் ஒப்படைக்கலாகாது. சொந்தக்காரர்களும் அதைக் கேட்டு வாங்காமல் பணம் கொடுக்கலாகாது. கூட்டமாகப் போகிறவர்கள், புறப்படுமுன் துவாஸில் நின்று ஒவ்வொரு வண்டியையும் இவ்விதம் சோதித்துப் பார்ப்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரத்தில் முடிகிற இந்தக் காரியம், காட்டின் நடுவே ஒரு ராத்திரி முழுவதும் ஒருவரையொருவர் தேடி அலையும் அவஸ்தையைத் தவிர்த்துவிடும்.