ஓலை முதல் ஒளிப்படி வரை: நூலகங்களுக்குள் இரவல்

கடையில் இல்லாத சரக்கைப் பக்கத்துக் கடையில் கைமாற்றாக வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுப்பது வியாபாரத்தில் சகஜம். நூலகங்களும் அப்படித்தான். தன்னிடம் இல்லாத நூலை வேறொரு நூலகத்திடம் கேட்டு வாங்கி வாசகருக்குத் தருவதை ‘நூலகங்களுக்கிடையே இரவல்’ என்கிறார்கள்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடி நாளாக நாளாகச் செல்லரித்துப் போகும்; படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். ஆகவே நூலைப் படி எழுதுவித்துப் பிறருக்கு வழங்குவதைச் சாஸ்திரதானம் என்று சமணர்கள் போற்றினார்கள். பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது கன்னட மரபு. பின்னாளில் உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளை நாடிச் சீவக சிந்தாமணிக்குப் பொருள் கேட்டறிந்தார்; பல இடங்களிலிருந்து சுவடிகளை வாங்கி ஒப்பிட்டு 1887-இல் அச்சிட்டார். எந்தச் சுவடி எந்த வீட்டுப் பரணில் இருக்கிறது என்று சொல்ல அன்று பட்டியல் கிடையாது. ஊர் ஊராக அலையத்தான் வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் சாமுவேல் கிரீன் என்ற நூலகர், நூலகங்கள் தமக்குள் இரவல் கொடுக்கலாமே என்று 1876-இல் எழுதினார். 1917-இல் அங்கே இதற்கென விதிமுறையே வந்துவிட்டது. கடிதம் எழுதுவார்கள், புத்தகம் தபாலில் வரும். பிறகு கணினி வந்தது. பல நூலகங்களின் இருப்பை ஒரே இடத்தில் காட்டும் கூட்டுப்பட்டியலால் தேடும் வேலை சுருங்கியது. நம் நாட்டில் 1988-இல் தில்லியில் டெல்நெட் இதற்காகவே தொடங்கியது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. புத்தகம் பயணம் போவது குறைந்து, படி பயணம் போகத் தொடங்கியது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. நூல்கள் சென்னையிலேயே இருக்க, நுண்படச் சுருள்கள் கடல் கடந்தன. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். யோசித்துப் பார்த்தால் இதுவும் பழைய சாஸ்திரதானமே. எழுத்தாணிக்குப் பதில் ஸ்கேனர். ஆனால் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகும்வரை பதிப்புரிமை உண்டு. அத்தகைய நூல்களுக்கு இன்றும் இரவல்தான் கைகொடுக்கிறது.

எப்படியானாலும் பட்டியலில் ஏறாத நூலை யாரும் இரவல் கேட்க முடியாது. நம் உப்பல், ஹப்சிகுடா வீடுகளில் ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழ்ப் புத்தகங்கள் எத்தனையோ. பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். படிப்பதோ தெலுங்கும் ஆங்கிலமும். பெரியவர் காலமானால் அலமாரி பழைய பேப்பர் வண்டிக்குப் போய்விடுகிறது. அதில் அரிய முதற்பதிப்பு இருந்ததா என்று யாருக்குத் தெரியும்?

அன்பர்களே, ஒரு நோட்டு வாங்குங்கள். நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பதிப்பு என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு நோட்டு சேர்ந்தால் சங்கத்துக்கு ஒரு கூட்டுப்பட்டியல் ஆயிற்று. பேரேட்டில் ஏறாத சரக்கு கடையில் இருந்தும் இல்லாததுதானே!